ஒப்புக்கொண்டதைத் திரும்பக் கேட்டவர்

இலவசச் சட்ட உதவிக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். முதலில் ஒரு புகாரை எழுதிவிடுகிறேன். நீங்கள் கட்சிக்காரர்களிடம் மிகவும் வேகமாகப் பேசுகிறீர்கள். போன வாரம் ஒரு வேலையாகக் கோர்ட்டுப் பக்கம் வந்திருந்தேன். வராந்தாவில் உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், ஒரு வயதான அம்மாவிடம், "உள்ள ஜட்ஜ் என்ன கேட்டாலும் ஹௌது ஸ்வாமின்னு சொல்லிடுங்க, போதும்" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மாவும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே ஆமாம் சொல்லத் தயாராகிவிட்டார்.

நம் ஊர்க் கோர்ட்டுகளில் காலையிலிருந்து மாலை வரை அதிகம் கேட்கும் சொல் இந்த ஹௌதுதான். கன்னடத்தில் ஆமாம். வேறு ஒரு வார்த்தை கன்னடம் தெரியாத தமிழ்க் கட்சிக்காரர்கூட இதைத் தெரிந்து வைத்திருப்பார். நாம்தான் சொல்லிக் கொடுக்கிறோம். நேரம் மிச்சம், ஜட்ஜுக்கு எரிச்சல் வராது, நாமும் அடுத்த கேஸுக்கு ஓடலாம். நானும் அப்படி ஓடியவள்தான், அதனால் உங்கள் மேல் பெரிய கோபம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு ஒருவர் என்ன பாடுபட்டார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்று தெரியும். படிக்கத் தெரிந்தவர் மற்றவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கன்னடத்திலோ இங்கிலீஷிலோ எழுதினால் மனுப் போல ஆகிவிடுகிறது, உரிமையாகத் திட்ட வருவதில்லை. வக்கீலுக்கு ஓய்வு வயது கிடையாது என்பார்கள். எனக்கு என் முழங்கால் ஓய்வு கொடுத்துவிட்டது. கோர்ட்டுப் படி ஏற முடியாமல் விஜயநகரில் பால்கனியில் உட்கார்ந்து எதிர்வீட்டுக்காரர் கார் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே எழுத நிறைய நேரம் இருக்கிறது.

அவர் பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். அக்ரஹாரத்தை ஒட்டிய ஒரு சந்தில் ஷாமியானாவும் நாற்காலியும் பாத்திரமும் வாடகைக்கு விடும் சின்னக் கடை வைத்திருந்தார். சொந்தமாக ஒரு லக்கேஜ் ஆட்டோ. ஒரு நாள் மதியம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு கல்யாண வீட்டில் நாற்காலிகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, வயல் ரோடு பெரிய ரோட்டில் வந்து சேரும் திருப்பத்தில், அந்த வண்டி ஒரு மொபெட்டில் மோதிவிட்டது. மொபெட்டில் வந்தவர் பக்கத்து ஊர் விவசாயி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

கூட்டம் கூடியபோதும், போலீஸ் வந்தபோதும், வண்டியை ஓட்டியது தான்தான் என்று முருகேசன் சொன்னார். சாட்சிகள் எல்லோரும் சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள். மோதியதை நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. வண்டியில் முருகேசனோடு அவருடைய தங்கை புருஷனும் இருந்தார் என்று குற்றப்பத்திரிகையில் ஒரு வரி இருந்தது. அவ்வளவுதான். ஒத்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்துவிட்டால் போலீஸ் அந்த மாதிரி ஒரு வரியின் மேல் அதிக நேரம் செலவு செய்வதில்லை.

கவனக்குறைவாக ஓட்டி மரணம் விளைவித்ததாக வழக்கு. இந்தக் குற்றத்தை இரு தரப்பும் ராஜி பேசி முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனை என்ன என்பதை மட்டும் பேசித் தீர்மானிக்க இடமுண்டு. அதற்குக் குற்றம் சாட்டப்பட்டவர் தானாக விரும்பி மனுக் கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு யாரும் இல்லாமல் மாஜிஸ்திரேட் அவரைத் தனியறையில் வைத்து, இது உன் சொந்த விருப்பமா என்று கேட்க வேண்டும். அதன்பிறகு அரசு வக்கீல், போலீஸ், இறந்தவரின் குடும்பம் எல்லோரும் உட்கார்ந்து பேசி, முடிவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முருகேசனின் வக்கீல் கெட்டிக்காரர். இறந்தவரின் குடும்பத்துக்கு நஷ்டஈடு, முருகேசனுக்கு நன்னடத்தைப் பத்திரத்தின் பேரில் விடுதலை, ஜெயில் கிடையாது என்று பேசி முடித்திருந்தார். நானாக இருந்தாலும் அதைவிட நல்ல முடிவை வாங்கியிருக்க மாட்டேன். தனியறையில் மாஜிஸ்திரேட் கேட்ட எல்லாவற்றுக்கும் முருகேசன் ஹௌது ஸ்வாமி என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். கையெழுத்தெல்லாம் ஆகி, தீர்ப்புக்குத் தேதி கொடுத்தாயிற்று.

அந்தத் தேதியில்தான் அவர் எழுந்து நின்று, "நான் ஒத்துக்கிட்டதத் திருப்பி வாங்கிக்கறேனுங்க சாமி" என்றார்.

அவருடைய வக்கீலின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பரிமாறின சாப்பாட்டை இலையோடு இழுத்துவிட்டால் சமையல்காரர் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். கட்சிக்காரரிடம் காதோடு காதாக ஏதோ கேட்டார். முருகேசன் தலையை மட்டும் ஆட்டினார். இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வக்கீல் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நன்றாகச் செய்த வேலை கண் முன்னால் வீணாகும்போது யாருக்கும் வலிக்கும்.

நான் வேறொரு ஜாமீன் மனுவுக்காகப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மாஜிஸ்திரேட் என்னைவிட வயதில் நிறைய இளையவர், நியாயமானவர், பொறுமை மட்டும் கொஞ்சம் குறைவு. கண்ணை ஓட்டிப் பார்த்துவிட்டு, இவருக்குச் சட்ட உதவியில் நீங்கள் ஆஜராகுங்கள் மேடம், உங்களுக்குத் தமிழும் தெரியும் என்றார். மதிய இடைவேளைக்குப் பிறகு கூப்பிடுவேன், காரணம் இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எழுதி வைத்திருக்கிற தீர்ப்பைப் படித்துவிடுவேன் என்றும் சொன்னார். கட்சிக்காரரின் முகத்தையே நான் அப்போதுதான் பார்க்கிறேன். என் வேலை வாழ்க்கையில் முக்கியமான முடிவுகள் எல்லாம் இந்த மாதிரி அரைகுறை அவகாசத்தில்தான் எடுக்க வேண்டியிருந்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

கேன்டீனுக்குப் பின்னால் ஒரு புங்கமரம் இருக்கிறது. அங்கே அவரை அழைத்துப் போய் உட்கார வைத்தேன். யாராவது மிரட்டினார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். நஷ்டஈடு கொடுக்க முடியாதா? கொடுத்துவிடலாம் என்றார். பழைய வக்கீல் எதையாவது மறைத்துவிட்டாரா? அவர் நல்ல மனுஷன் என்றார். காரணம் என்று எழுத என் கையில் ஒன்றுமே அகப்படவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. பசி வேறு.

"பின்ன எதுக்கு முருகேசன்? இன்னிக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம். கேஸ் நடந்தா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் வரலாம், தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. வக்கீலய்யா சொன்னாருங்க."

"தெரிஞ்சும் ஏன்?"

அவர் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினார். பிறகு சொன்னார்.

இறந்தவருக்கு ஒரு அண்ணன். கெம்பராஜு என்று பெயர். குடும்பத்தின் சார்பில் பேச்சுவார்த்தைக்கு வந்தவரும் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். கையெழுத்து ஆன அன்றைக்கு வெளியே டீக்கடையில் அவரே முருகேசனுக்கும் சேர்த்து டீ சொல்லியிருக்கிறார். குடித்து முடித்துவிட்டு, சட்டப்படி எல்லாம் முடிந்துவிட்டது, வருகிற அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலைக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறார். சந்நிதியில் நின்று, என் கையால் இது நடந்தது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று உன் வாயால் சொல்லிவிடு. நான் பக்கத்தில் நிற்கிறேன். அதன்பிறகு உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. அப்படிச் சொன்னாராம்.

கெம்பராஜு வீட்டாருக்கும் முருகேசன் வீட்டாருக்கும் மலைச்சாமிதான் குலதெய்வம். ஒருவர் மாதப்பா என்று கன்னடத்தில் கும்பிடுவார், மற்றவர் மாதேஸ்வரா என்று தமிழில் கும்பிடுவார், அவ்வளவுதான் வித்தியாசம். மலையில் வைத்துச் சொன்ன சொல்லை மாற்ற முடியாது என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். கெம்பராஜு மிரட்டவில்லை. தம்பியை இழந்தவர், பகையை வளர்க்காமல் முடித்துவைக்க நினைத்தார். யோசித்துப் பார்த்தால் அது பெரிய மனசு.

"அதுதான் பிரச்சனையா? கோர்ட்டுல கையெழுத்தே போட்டாச்சு. அங்க போய் ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"கோர்ட்டுல எழுதுனது வக்கீலய்யாங்க. கேட்டது ஜட்ஜய்யாங்க. நான் ஆமான்னு மட்டுந்தானுங்க சொன்னேன். மலையில என்ர வாயால முழுசாச் சொல்லோணுமுங்க."

"சொன்னா?"

"வராதுங்க மேடம். என்ர வாயில அது வராதுங்க." அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்க எல்லாருஞ் சேந்து என்னையக் குத்தவாளின்னு முடிவு பண்ணிக்கோங்க. ஜெயிலுக்குப் போறேனுங்க. அது நீங்க சொல்றது. நானே சொன்னா அது வேறங்க."

எனக்கு அடுத்த கேள்வி நாக்கு நுனியில் வந்து நின்றது. உங்களுக்கும் இந்நேரம் வந்திருக்கும். அப்படியானால் ஓட்டியது யார்? குற்றப்பத்திரிகையின் அந்த ஒரு வரி என் கண் முன்னால் நின்றது. வண்டியில் இருந்தவர்கள் இரண்டே பேர். கேட்டால் அவர் சொல்லியிருப்பார். சொல்லத் தவித்துக்கொண்டிருந்த முகம்தான் அது.

நான் கேட்கவில்லை. இதைத்தான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கேட்பது வீரமாகத் தெரியும், உண்மையைத் தேடுவதாகவும் தெரியும். ஆனால் அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. என் வாயால் என்னைச் சொல்ல வைக்காதீர்கள் என்றார். அதற்கு அப்பால் ஒரு வார்த்தை அவர் தரவில்லை. நான் பிடுங்கினால் அந்தப் பெயர் என் கையில் வந்துவிடும். அதை வெளியே சொல்லவும் எனக்கு உரிமை கிடையாது, தெரியாதவள் போல நின்று வாதாடவும் முடியாது. அவர் வீட்டில் யார் மேல் என்ன விழும் என்பதும் தெரியாது. என் சீனியர் ஒருவர் இருந்தார். கட்சிக்காரரோடு நான் பேசிவிட்டு வந்ததும், என்ன சொன்னான் என்று கேட்க மாட்டார், எதை அவனாகச் சொன்னான் என்று கேட்பார். இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று எரிச்சலோடு நினைத்திருக்கிறேன். புங்கமரத்தடியில் அது எனக்கு விளங்கியது.

சரி, மாஜிஸ்திரேட்டிடம் என்ன சொல்வது? மிரட்டினார்கள் என்று சொன்னால் பொய், அதோடு ஒரு நல்ல வக்கீலின் பெயரும் கெடும். இவர் ஓட்டவில்லை என்று சொன்னால், பின்னே யார் என்று போலீஸ் அடுத்த நிமிஷமே கேட்கும். சாமி பயம் என்று சொன்னால் கோர்ட்டே சிரிக்கும். அரசு வக்கீலோ விடமாட்டார், உறுத்தல் இருப்பதால்தானே பயம் என்று அதையே குற்றத்துக்கு ஆதாரமாக்குவார். மனுவில் எழுதக்கூடிய மூன்று காரணங்களும் உதவாது என்று ஆனபின் காரணம் எழுதுவதையே விட்டுவிட்டேன்.

இடைவேளை முடிந்து கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் முதலில் எழுந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்கினால் இந்த முறையே நாறிப்போகும், நாளைக்கு எல்லோரும் இப்படித்தான் வருவார்கள், பாதிக்கப்பட்ட குடும்பம் இன்னும் எத்தனை தடவை கோர்ட்டுக்கு நடக்க வேண்டும் என்றார். கடைசியாகச் சொன்னது எனக்கு உறைத்தது. கெம்பராஜு பின்னால் சுவரோரமாகத் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் குரல் இறங்கியிருக்கும்.

நான் சொன்னது இவ்வளவுதான். காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அவர் தானாக விரும்பி ஒப்புக்கொண்டாரா என்பது ஒன்றுதான் கேள்வி. அதைக் கேட்கும் இடம் தனியறை. தீர்ப்பு இன்னும் படிக்கப்படவில்லை. அதனால் இன்னொரு முறை அவரைத் தனியாக விசாரித்துப் பாருங்கள். கூடவே ஒரு வேண்டுகோள். ஆமாம் என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி எதையும் தயவுசெய்து கேட்க வேண்டாம்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று பயமாக இருந்தது. கேள்வி எப்படிக் கேட்க வேண்டும் என்று பெஞ்சுக்குச் சொல்லிக் கொடுப்பது நம் வேலை இல்லை. அவர் என்னையும் பார்த்தார், முருகேசனையும் பார்த்தார். பிறகு எழுந்து, உள்ளே வா என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

கதவுக்கு வெளியே நான் நின்றேன். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், வாதாடுவதைவிட இப்படி நிற்பது கஷ்டம். உள்ளே அவர் மறுபடியும் ஹௌது சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. பெயரைச் சொல்லிவிட்டாலோ வேறு ஒன்று தொடங்கிவிடும். இரண்டுக்கும் நான்தான் காரணம் என்று ஆகும். அரசு வக்கீல் பக்கத்தில் வந்து, "மேடம், மத்தியானம் சாப்பிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தார். எதிர்க்கட்சி வக்கீல் கொடுத்தது என்று மறுக்காதீர்கள், இந்தத் தொழிலில் பாதி நாள் அப்படித்தான் வயிறு நிறையும்.

மாஜிஸ்திரேட் திரும்பி வந்து உத்தரவைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். நடந்தது என்ன என்று தன் சொந்த வார்த்தையில் சொல்லும்படி கேட்டபோது குற்றம் சாட்டப்பட்டவரால் எதையும் சொல்ல இயலவில்லை. ஆகவே ஒப்புதல் அவருடைய சொந்த விருப்பத்தின்படி கொடுக்கப்பட்டது என்று இந்தக் கோர்ட் திருப்தி அடையவில்லை. வழக்கு வழக்கம்போல விசாரணைக்குப் போகட்டும்.

பிறகு நான் முருகேசனிடம் உள்ளே என்ன நடந்தது என்று கேட்டேன். "என்ன நடந்துச்சு, நீயே சொல்லுன்னாருங்க. நான் நின்னேன். மறுபடி கேட்டாருங்க. அழுதுட்டேனுங்க. தண்ணி குடுத்தாருங்க. அவ்வளவுதானுங்க." ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளியே வந்திருக்கிறார். அந்த இளம் மாஜிஸ்திரேட் மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். வெளியே வராந்தாவில் கெம்பராஜு நின்றிருந்தார். கோபத்தில் அவர் முகம் சிவந்திருந்தது. ஒத்துக்கொண்டவனை ஏனம்மா கெடுத்தீர்கள் என்று என்னைக் கன்னடத்தில் கேட்டார். தம்பி செத்த வீட்டுக்காரரிடம் சட்டம் பேசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. அப்போது முருகேசன் நடுவில் வந்து அவர் முன்னால் கைகூப்பி நின்றார். நான் முருகேசனின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். எதிர்த்தரப்போடு கட்சிக்காரர் பேசினால் வக்கீலுக்குப் பாதி உயிர் போய்விடும், உங்களுக்கும் இனிமேல் தெரியும். அவர் என் கையை விலக்கிவிட்டு, மலைக்கு நிச்சயம் வருகிறேன் அண்ணா, ஆனால் நீங்கள் சொல்லச் சொன்னதை மட்டும் என்னால் சொல்ல முடியாது என்று தன் கொச்சைக் கன்னடத்தில் சொன்னார்.

கெம்பராஜு அவரை வெகுநேரம் பார்த்தார். கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதற்குள் வேறு ஏதோ யோசனை ஓடியது தெரிந்தது. வா, வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

மலைக்கு நான் போகவில்லை. அங்கே நடந்ததைக் கெம்பராஜு பிற்பாடு எனக்குச் சொன்னார். முருகேசன் சொன்னபடியே மனைவி, தங்கை, தங்கையின் கைக்குழந்தை, தங்கை புருஷன் எல்லோரோடும் பஸ்ஸில் வந்து இறங்கினார். அமாவாசைக் கூட்டம். எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். செருப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று தங்கை புருஷன் மட்டும் வெளியே நின்றுவிட்டார். செருப்புக்குக் காவல் வைக்க அங்கே ஆளும் இடமும் தனியாக இருக்கிறது.

உள்ளே சந்நிதியில் முருகேசன் கும்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. கெம்பராஜுவும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. விபூதியை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வெளியே வந்து, செருப்புகளின் பக்கத்தில் நின்ற அந்த இளைஞருக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை மேடம், சும்மா நின்றேன், தம்பி ஞாபகம் வந்து அழுதுகொண்டிருந்தேன் என்றார் என்னிடம். கொஞ்ச நேரத்தில் அந்த இளைஞர் தானாகவே பேச ஆரம்பித்துவிட்டார்.

அவர் பெயர் செல்வம். லைசென்ஸ் கிடையாது. வெறும் வண்டிதானே, ஓட்டிப் பழகுகிறேன் என்று அன்றைக்குக் கேட்டு வாங்கி ஓட்டியிருக்கிறார். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, தங்கை கர்ப்பமாக இருந்தாள். கூட்டம் ஓடி வருவதற்குள் முருகேசன் அவரை இறக்கிவிட்டுத் தான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு நாள் காலையில் கெம்பராஜு தன் ஸ்கூட்டரின் பின்னால் செல்வத்தை உட்கார வைத்து என் ஆபீசுக்கே கூட்டி வந்துவிட்டார். செல்வம் வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "உக்காருங்க, காபி குடிங்க. ஆனா என்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க." நான் முருகேசனின் வக்கீல், இவரும் என் கட்சிக்காரர் ஆக முடியாது. ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லத் துணிந்து வந்தவரை வாய் மூட வைத்துவிட்டு, வேறொரு வக்கீலுக்குப் போன் போட்டு, அவர் வரும்வரை எதிரில் உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கெம்பராஜு என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஆனால் அவசரப்பட்டு செல்வம் சொல்ல வந்ததை நான் கேட்டிருந்தால் இரண்டு பேரில் ஒருவருக்கு நான் துரோகம் செய்ய வேண்டி வந்திருக்கும்.

வழக்கு மறுபடி போலீஸ் விசாரணைக்குப் போய், செல்வத்தின் பெயரில் திரும்பி வந்தது. அவரும் பேசி முடிக்கும் மனுவே போட்டார். லைசென்ஸ் இல்லாததால் முதலில் பேசியது போன்ற சலுகை கிடைக்கவில்லை. சில மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். கெம்பராஜு நஷ்டஈட்டில் பிடிவாதம் பிடிக்கவில்லை, ஆனால் ஜெயில் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தங்கை முருகேசனோடு நீண்ட காலம் பேசவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு அவள் பட்ட கஷ்டத்துக்கு நான் ஒரு சமாதானமும் சொல்ல முடியாது. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு தீர்ப்பைப் படிக்க விட்டிருந்தால் அந்த வீட்டில் யாரும் ஜெயிலுக்குப் போயிருக்க மாட்டார்கள். இது எனக்கு அவ்வப்போது தோன்றும், பால்கனியில் உட்கார்ந்திருக்கும்போது இன்னும் அதிகமாகத் தோன்றும். ஆனால் கட்சிக்காரர் என்னிடம் கேட்டது வீட்டுக்குப் போவதை இல்லை. அதை நான் மறந்திருந்தால்தான் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

போலீஸுக்குப் பொய்த் தகவல் கொடுத்ததற்காக முருகேசன் மேல் தனியாக ஒரு வழக்குப் போட்டார்கள். நியாயம்தான். அதற்கும் நானே ஆஜரானேன். இதைப் பேசி முடிக்கலாமா என்று படிக்கட்டில் வைத்துக் கேட்டேன். "இதுல பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்க மேடம்" என்றார். உள்ளே போகும்போது நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது, பழக்க தோஷம், அடக்கிக்கொண்டேன்.

அதே மாஜிஸ்திரேட். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டு, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். ஹௌது வரும் என்று எதிர்பார்த்து, பதிலை எழுதும் குமாஸ்தா பேனாவை ஊன்றிவிட்டார். முருகேசன் ஹௌது சொல்லவில்லை. வண்டியை ஓட்டியது செல்வம், அவனை இறக்கிவிட்டுவிட்டு நான் உட்கார்ந்தேன், போலீஸ் கேட்டபோது நான் ஓட்டினேன் என்று பொய் சொன்னேன் என்று ஆரம்பத்திலிருந்து கடைசி வரை தன் கொச்சைக் கன்னடத்தில் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். யாரும் குறுக்கே பேசவில்லை. மாஜிஸ்திரேட் அபராதம் விதித்தார்.

அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"மேடம், மலையில கெம்பராஜண்ணன் பக்கத்துல நின்னு இத ஒருக்காச் சொல்லிட்டு வந்துரட்டுங்களா? இது வருதுங்க."